கொடியில் ஒரு வெள்ளைத் துணி

தொண்டை கட்டிக்கொண்டு மூன்று நாளாகிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அதனால் அந்த அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம் முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. குரல் இருந்திருந்தால் குறுக்கே புகுந்து எதையாவது கேட்டிருப்பேன்; நடந்ததில் பாதி நடக்காமலே போயிருக்கும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கூல்கில் மாவட்டம். நிலக்கரியால் வயிறு வளர்த்த சின்ன ஊர்களில் ஒன்று. மூடிப்போன பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தை ஊர்க்காரர்களே சேர்ந்து அருங்காட்சியகம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். நண்பர் என்னை அங்கே இறக்கிவிட்டுக் காருக்கு டயர் மாற்றப் போய்விட்டார். வாசலில் டிக்கெட் கொடுத்த அம்மாள் ஏதோ விசாரித்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். மேஜை இழுப்பறையைத் திறந்து இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். பக்கத்தில் வெங்காயம் போலக் கூம்பு வைத்த உக்ரேனியத் தேவாலயம். அங்கிருந்து உருளைக்கிழங்கைத் துருவிச் சுடும் அடையின் வாசனை வந்துகொண்டிருந்தது. 'ப்ளீனி' என்கிறார்கள். சனிக்கிழமையானால் கோயில் பெண்கள் சுட்டு விற்று, கூரை செப்பனிடக் காசு சேர்க்கிறார்களாம்.

உள்ளே மரத்தரை போட்ட நீள அறை. மேற்குப் பக்கம் முழுக்க ஜன்னல். சுவரில் பன்னிரண்டு எட்சிங்குகள், உலோகத் தகட்டில் கீறி அச்செடுத்த படங்கள். அறையின் நடுவே இரும்பில் ஓர் அச்சுப்பொறி. இரண்டு உருளை, பக்கத்தில் ஆரம் ஆரமாக நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம். நம்மூரில் கரும்புச்சாறு பிழிகிற இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல இருந்தது. அதன் அருகே ஓவியர். அறுபது வயதிருக்கும். நரைத்த கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். ஏப்ரனில் துடைத்துத் துடைத்து அது ஏப்ரனா, கரித்துணியா என்று தெரியாத நிலை. பெயர் சுவரில் எழுதியிருந்தது. எழுதட்டுமா என்று கேட்க எனக்குக் குரல் இல்லை. கேட்காமல் எழுதுவது முறையில்லை. ஓவியர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஜன்னலோரம் ஒரு பெஞ்சு. உட்கார்ந்துவிட்டேன்.

படங்கள் பள்ளிக்கூட நோட்டு அளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் பன்னிரண்டு கறுப்புச் சதுரம். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனால்தான் உள்ளே ஊர் தெரியும்.

முதல் படத்தில் பிரேக்கர். சுரங்கத்திலிருந்து வரும் கரியை உடைத்து, சலித்து, அளவு பிரிக்கிற ஆலை. மலைச்சரிவில் படிப்படியாக ஏறி நிற்கும் ராட்சதக் கொட்டகை. இந்த மாவட்டத்து மகனாய் சிட்டி அருகே இருந்த செயின்ட் நிக்கலஸ் பிரேக்கர், ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. 2018 மார்ச்சில் வெடி வைத்துச் சாய்த்துவிட்டார்கள்.

இரண்டாவது படத்தில் பையன்களின் முதுகுகள். எண்ணிப் பார்த்தேன், இருபத்து நான்கு. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். சரிவுப் பலகைக்குக் குறுக்கே வரிசை வரிசையாக உட்கார்ந்து, காலுக்கடியில் ஓடும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கிப் போடுவார்கள். கையுறை போடக்கூடாது. போட்டால் கல் எது, கரி எது என்று விரலுக்குத் தெரியாது. விரல் நுனி வீங்கி, வெடித்து, ரத்தம் கசியும். லூயிஸ் ஹைன் 1911 ஜனவரியில் இதே மாநிலத்துச் சவுத் பிட்ஸ்டனில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் புகைப்படம் எடுத்தார். குழந்தைத் தொழிலுக்கு எதிரான வாதத்தில் அந்தப் படங்களே சாட்சியாக நின்றன. இங்கே எட்சிங்கில் ஒரு முகம்கூட இல்லை. யாரோ ஏன் என்று கேட்டதற்கு ஓவியர், "முகத்தைத்தான் ஹைன் எடுத்துட்டாரே" என்று சொல்லிக்கொண்டே மையைக் குழைத்தார்.

ஐந்தாவது படத்தில் நெடுநேரம் நின்றேன். ஒரே மாதிரி வீடுகள் இரண்டு வரிசை. ஒரு கூரைக்கடியில் இரண்டு குடும்பம். நடுச்சுவர் பொது, மூச்சும் சண்டையும் பொது. ஒவ்வொரு வாசல் திண்ணையிலும் ஒரு பெண். எல்லாப் பெண்களும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். தெருவில் ஒன்றும் இல்லை, சேற்றில் இரண்டு சக்கரத் தடத்தைத் தவிர. சுரங்கத்தில் செத்தவனைக் கம்பெனி வண்டி வீட்டுக்குக் கொண்டுவரும். 'பிளாக் மரியா' என்று அதற்குப் பெயர். வண்டி தெருவுக்குள் திரும்பியதும் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள், எந்த வீட்டில் நிற்கப்போகிறது என்று பார்க்க. படத்தில் வண்டி இல்லை. தடம் மட்டும்தான். சில பெண்களைத் தாண்டிவிட்டது, சிலரைத் தாண்டவில்லை. எந்த வீட்டில் நின்றது என்று தேடிப்பார்த்தேன். தடம் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது.

இப்படிப்பட்ட குடியிருப்புக்கு இந்தப் பக்கத்தில் 'பேட்ச்' என்று பெயர். பேட்ச் என்றால் கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது. கடைக் கடனைக் கூலியிலேயே பிடித்துக்கொண்டு, கையில் ஒன்றும் வராத சீட்டைக் கொடுக்கிற நாளும் உண்டு. வேல்ஸிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் முதலில் வந்தார்கள். பிறகு போலந்து, லித்துவேனியா, ஸ்லோவாக்கியா, உக்ரேன் பக்கத்திலிருந்து. 1914 வாக்கில் வடகிழக்குப் பென்சில்வேனியாவின் இந்தச் சுரங்கங்கள் எல்லாவற்றிலுமாகச் சுமார் 1,80,000 பேர் வேலை செய்தார்கள். 1917-இல் வெட்டியது ஏறத்தாழ 10 கோடி டன். அதற்குப் பிறகு அந்த அளவை எட்டவே இல்லை. எண்ணெயும் எரிவாயுவும் வந்து அடுப்பை மாற்றிவிட்டன. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் கம்பெனிகள் சுரங்கத்தை மூடியபோது, வேலை போனவர்கள் கம்பெனி நிலத்திலேயே கிணறு மாதிரி குழி தோண்டித் திருட்டுக்கரி எடுத்து லாரியில் ஏற்றி விற்றார்கள். பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தினால் ஊர் ஜூரி தண்டிக்க மறுத்துவிடும். பன்னிரண்டில் ஒன்பதாவது படம் அந்தக் குழி. வாளியைத் தூக்க, ஒரு பழைய காரின் பின்சக்கரத்தைக் கழற்றி அதில் கயிற்றைச் சுற்றியிருக்கிறார்கள். மேலே நிற்கிற பெண்ணின் கையில்தான் கயிறு. கீழே புருஷனோ மகனோ.

இந்த ஊர்களை எட்சிங்கில் எழுதியவர்களில் இவர் முதல் ஆள் இல்லை. மைனர்ஸ்வில் பக்கத்தில் பிளாக் ஹீத் என்ற பேட்சில் 1903-இல் பிறந்த நிக்கலஸ் பெர்வின்சாக், பிரேக்கரில் கல் பொறுக்கிய பையன்தான். பிறகு தேவாலயச் சுவர்களில் புனிதர்களை எழுதினார், அதன் பிறகு தகடும் ஊசியும் எடுத்தார். நியூயார்க் ஓவியர் ஹாரி ஸ்டெர்ன்பெர்க் 1936-இல் கூகன்ஹைம் நல்கை வாங்கிக்கொண்டு பென்சில்வேனியாவின் கரிச்சுரங்கங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் வந்து வரைந்தார். ஸ்க்ரான்டனில் பிறந்த மைக்கேல் கல்லகர், ஃபிலடெல்ஃபியாவில் டாக்ஸ் த்ராஷ், ஹியூபர்ட் மெசிபோவ் இருவருடன் சேர்ந்து கார்பரண்டம் தூளைத் தகட்டில் தேய்த்து அச்செடுக்கும் முறையை உண்டாக்கினார். தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்கி, அப்படியே அச்செடுத்தால் முழுக் கறுப்பு விழுகிற மாதிரி செய்துகொள்வார்கள். பிறகு வேண்டிய இடத்தில் தேய்த்துத் தேய்த்து வெளிச்சத்தை வரவழைப்பார்கள். சுரங்கத்துக்காரன் மகனுக்குத் தோன்றக்கூடிய முறைதான் என்று எனக்குப் பட்டது. கல்லகரின் தகப்பனார் என்ன வேலை பார்த்தார் என்று எனக்குத் தெரியாது, ஊரைத்தான் சொல்கிறேன்.

மணி மூன்று ஆனதும் ஓவியர் கையைத் தட்டினார். அச்சடித்துக் காட்டப்போகிறார். கூட்டம் என்று சொல்ல ஏழெட்டுப் பேர். ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியவர். மூக்கில் பிராணவாயுக் குழாய், காலடியில் சக்கரம் வைத்த சின்ன சிலிண்டர். பக்கத்தில் ஐம்பது வயது மகள். மகளின் மகன் ஒரு பையன், பத்து வயது. அவன் வந்ததிலிருந்து அச்சுப்பொறிச் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தகட்டை ஓவியர் வீட்டிலேயே தயார் செய்து கொண்டுவந்திருந்தார். அமிலத்தை அருங்காட்சியகத்துக்குள் விடமாட்டார்கள். துத்தநாகத் தகடு. அதன்மேல் மெழுகும் நிலக்கீலும் கலந்த பூச்சு. பூச்சை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்கி, ஊசியால் கீறவேண்டும். கீறிய இடம் வெள்ளியாக மின்னும். பிறகு நைட்ரிக் அமிலத்தில் இறக்கினால், பூச்சு இருக்கும் இடத்தை அமிலம் தொடாது. கீறிய கோட்டைத் தின்றுகொண்டே போகும். கோட்டின் மேல் குமிழ் குமிழாகக் கிளம்பும். அதைப் பறவை இறகால் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அசந்தால் கோடு அரம்போல் பல்லுப் பல்லாகப் போய்விடும். அவர் அந்த இறகை எடுத்துக் காட்டினார். வான்கோழி இறகு. நுனி மஞ்சளாகப் பொசுங்கியிருந்தது. பையன் அதை வாங்கி மோந்து பார்த்தான்.

பிறகு மை. எலும்புக்கரியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்தது. கத்தியால் எடுத்தால் வெல்லப்பாகுபோல் இழுபடுகிறது. விளக்கின் மேல் சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடித்து, எண்ணெயில் குழைத்துக் கண்மை செய்த பாட்டிகளுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அட்டைத் துண்டால் மையை வழித்துத் தகடு முழுக்கப் பூசினார். ஊர், வீடு, மலை, வானம் எல்லாம் ஒரு நொடியில் மறைந்துபோயின. தார் ஊற்றிய தகடு.

அதற்குப் பிறகு அவர் துடைக்க ஆரம்பித்தார். எட்சிங் என்றால் வரைவது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். வரைவது ஒருநாள் வேலை. துடைப்பது ஒவ்வொரு படத்துக்கும் உண்டு. கஞ்சி போட்ட மொடமொடப்பான வலைத்துணியை உருண்டையாகச் சுருட்டி, வட்ட வட்டமாக, அழுத்தாமல். அழுத்தினால் கோட்டுக்குள் இருக்கும் மையும் வந்துவிடும். முதல் துணி, இரண்டாவது துணி, மூன்றாவது துணி. மெதுவாக மலை தெரிந்தது. மலை என்றால் மலை இல்லை, கழிவுக்கரி மேடு. கரியோடு வந்த கல்லையும் தூளையும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிக் கொட்டி எழுந்தது. காரில் வரும்போது பார்த்திருந்தேன். இப்போது அந்த மேடுகளின் மேல் வெள்ளைப் பட்டையுள்ள பெர்ச் மரங்கள் முளைத்திருக்கின்றன. வேறு எதுவும் அதில் வளர யோசிக்கும்.

அடுத்து உள்ளங்கை. சுண்ணப்பொடியை லேசாகத் தடவிக்கொண்டு, உள்ளங்கையின் ஓரத்தால் தகட்டை விசிறுகிறாற்போல் துடைத்தார். ஒரு விசிறல், கையை ஏப்ரனில் ஒரு தேய்ப்பு. ஒரு விசிறல், ஒரு தேய்ப்பு. அறையில் அந்தச் சத்தம் மட்டும். சப்பாத்தி தட்டுகிற மாதிரி. வீட்டு வரிசை வந்தது. பிரேக்கர் வந்தது. வீட்டுப் பின்கட்டில் ஒரு கொடி, கொடியில் துணி, துணிக்கு முன்னால் ஒரு பெண்.

பெண்ணுக்குச் சுண்டுவிரல் நகம் அளவு உயரம். வாயில் துணிக்கவ்வி. இரண்டு கையும் மேலே. தலையை மட்டும் திருப்பிப் பிரேக்கரைப் பார்க்கிறாள்.

"அந்த ஒரு போர்வைதான் இந்தப் படத்துல எனக்கு வேலை வைக்கும்" என்றார் ஓவியர். மெல்லிய துணியைச் சுண்டுவிரலில் சுற்றி, எச்சில் படாமல் வாயால் ஆவி ஊதி, கொடியில் தொங்கும் போர்வையை மட்டும் துடைத்தார். நிமிர்ந்து வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி துடைத்தார். "மத்ததெல்லாம் கொஞ்சம் அழுக்கா இருக்கலாம். ஊர் அப்படித்தான் இருந்துச்சு. இது சுத்தமா இருக்கணும்."

எனக்கு ஒன்று சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்ல முடியாமல் பெஞ்சில் நெளிந்தேன். இங்கே கிடைப்பது அந்த்ரசைட் கரி. கருங்கல் உடைத்த முனைபோல மின்னும். கையில் எடுத்தால் விரலில் ஒட்டாது. எரித்தால் புகையும் அதிகம் வராது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் லாக்கவானா ரயில் கம்பெனி இதை வைத்தே விளம்பரம் செய்தது. ஃபீபி ஸ்னோ என்று ஒரு கற்பனைப் பெண். தலை முதல் கால் வரை வெள்ளை உடை. எங்கள் ரயிலில் அந்த்ரசைட் எரிகிறது, அதனால் எவ்வளவு தூரம் போனாலும் அவள் கவுன் வெள்ளையாகவே இருக்கும் என்பது விளம்பரத்தின் சாரம். அமெரிக்காவில் அக்காலத்தில் அவளைத் தெரியாதவர் குறைவு. அதே அந்த்ரசைட்டை வெட்டுகிற பேட்சுகளில்தான் இந்த இன்னொருத்தி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய கரி கையில் ஒட்டாது, உண்மைதான். பிரேக்கர் உடைத்துப் பறக்கவிடும் தூள் எல்லாவற்றிலும் ஒட்டும். முதல் உலகப்போரின்போது அந்த்ரசைட்டை ரயிலுக்கு எரிக்கக்கூடாது என்றானதும் ஃபீபி ஸ்னோவை ஓரம் கட்டிவிட்டார்கள். துவைக்கிறவளுக்கு அப்படி ஓய்வு ஏதும் வரவில்லை.

அவள் வீட்டில் புருஷன், பிள்ளைகள் மட்டும் இல்லை. வந்திறங்கிய தனியாட்களை வாடகைக்குக் குடிவைத்துச் சோறு போடுவது பேட்ச் வீடுகளில் வழக்கம். அவர்கள் துணியும் சேர்ந்துதான். குழாய் வீட்டுக்குள் வராத காலம். தண்ணீர் சுமந்து, அடுப்பில் காய்ச்சி, சமையலறை நடுவே மரத்தொட்டியைப் போட்டு வருகிறவர்களுக்கு முதுகு தேய்த்து, அந்தத் துணியைத் துவைத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் கொடியில் போட்டு, காற்று திரும்பினால் ஓடிப்போய் எடுத்து. வெள்ளாவி வைத்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. நம்மூரில் துணி வெளுப்பதற்கென்று ஒரு சாதியை ஒதுக்கி வைத்தோம். இங்கே ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் வீட்டுக்குத் தானே.

தகட்டை அச்சுப்பொறியில் வைத்தார். முன்பே நனைத்து வைத்திருந்த பருத்திக் காகிதத்தை இரண்டு முனையும் பிடித்து மேலே இறக்கினார். அதன்மேல் கம்பளம், இன்னொரு கம்பளம். "தம்பி, இங்க வா. நீ சுத்து" என்றார். பையன் ஆரத்தைப் பிடித்துத் தொங்கினான். முதலில் அசையவில்லை. பிறகு கனமாக ஒரு முனகல், உருளை தகட்டின் மேல் ஏறியது. ஏறும்போது சக்கரம் கொஞ்சம் திணறும், ஏறிவிட்டால் சீராகப் போகும். அவன் முகம் சிவந்துவிட்டது. விடவில்லை. பத்து வயதுப் பையன் கறுத்த இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், பின்னால் சுவரில் இருபத்து நான்கு முதுகையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி என் பெஞ்சு இருந்தது. நானாக இடம் மாறி உட்காரவில்லை.

கம்பளத்தை விலக்கி, மடித்த அட்டைத் துண்டால் காகிதத்தின் முனையைப் பிடித்து மெல்ல உரித்தார். கறுப்பு மேடு, சாம்பல் வானம், இருட்டு வீடுகள். நடுவில் சுத்தமாக ஒரு போர்வை. காகிதத்தின் வெள்ளை அப்படியே. கைதட்டினார்கள்.

பெரியவர் தட்டவில்லை. சிலிண்டரை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். மூச்சு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது எங்க பேட்ச்" என்றார்.

ஓவியர் பேட்சின் பெயரைச் சொன்னார். அதேதான். திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியபோது அந்த இடமே போய்விட்டது. இப்போது அங்கே பள்ளமும் தண்ணீரும் இருக்கிறது. ஓவியரின் பாட்டி அங்கே வாழ்ந்தவர். பாட்டியிடம் இருந்த நாலைந்து போட்டோக்களை வைத்து எழுதினாராம்.

"ஆனா தப்பா இருக்கு" என்றார் பெரியவர்.

மகள், "அப்பா" என்று மெதுவாக அடக்கினார்.

"என்ன அப்பா? இருக்கிறதைத்தானே சொல்றேன். பிரேக்கர் அந்தப் பக்கம் இல்ல. எங்க பின்வாசல்ல நின்னா பிரேக்கர் இடது கைப்பக்கம். அம்மா துணி போடுறதுக்கு முன்னால இப்படித்தான் பார்ப்பா." தலையை இடது தோளுக்கு மேல் திருப்பிக் காட்டினார். மூக்குக் குழாய் இழுபட்டது. "இவ வலது பக்கம் பார்க்கிறா."

ஓவியர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பெரியவரின் தலை திரும்பிய விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தகட்டுல சரியாத்தான் வரைஞ்சேன். காகிதத்துல இடம் வலமா மாறி விழும். கடைப் பலகை எழுத்தை மட்டும் ஞாபகமாத் திருப்பி எழுதினேன். ஊரைத் திருப்ப மறந்துட்டேன். முதல் அச்சு எடுத்தப்பதான் தெரிஞ்சுது. யாரு கண்டுபிடிக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்" என்றார்.

ஓவியர் ஒருவர் தன் தவறை இவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுத்தாளர்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

பையன்தான் அதைச் செய்தான். ஈரக் காகிதம் ஓவியரின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றான். "தாத்தா, இங்க வந்து பாரு. இங்கேருந்து சரியா இருக்கு."

ஓவியர் காகிதத்தை ஜன்னலுக்கு எடுத்துப்போனார். என் பெஞ்சுக்கு நேர் மேலே. நான் ஒதுங்கிக்கொண்டேன். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. படத்தின் முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, முதுகு எங்களைப் பார்க்கும்படி இரண்டு முனையையும் பிடித்து நின்றார். ஈரம் இருந்ததால் வெளிச்சம் தாராளமாகப் புகுந்து வந்தது. மேடு இந்தப் பக்கம் வந்துவிட்டது. பிரேக்கர் இடது கைப்பக்கம். கறுப்பெல்லாம் கொஞ்சம் வெளிறி, பழுப்பாக, பழைய போட்டோ மாதிரி. போர்வை இருந்த இடத்தில் மட்டும் நேராகச் சூரியன்.

அவள் இடது தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. சிலிண்டரின் வால்வு விட்டு விட்டுச் 'சிக்' என்று சத்தம் போட்டது. ஓவியரின் கை நடுங்க ஆரம்பித்தது. உயர்த்திப் பிடித்த கை எவ்வளவு நேரம் தாங்கும்? கொடியில் துணி போடுகிறவர்களுக்குத் தெரியும்.

"இப்ப கடை எழுத்து திரும்பி இருக்கே, அப்பா" என்றார் மகள்.

பெரியவர் அந்த மூலையைப் பார்த்தார். கம்பெனிக் கடையின் பலகை. எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பி, யாருக்கும் புரியாமல்.

"அந்தக் கடை எழுத்தை எங்கப்பாவே சரியாப் படிச்சதில்ல" என்றார். சொல்லிவிட்டு இருமினார், இருமல் சிரிப்பாயிற்று, சிரிப்பு மறுபடி இருமலாயிற்று. டிக்கெட் கொடுக்கும் அம்மாள் வாசலிலிருந்து எழுந்து வந்து, எனக்குக் கொடுத்த அதே மிட்டாயில் ஒன்றை அவர் கையில் வைத்தார். கரித்தூள் படிந்த நுரையீரலுக்கு மிட்டாய் என்ன செய்யும் என்பது அந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கும். இந்த ஊரில் அது தெரியாத வீடு இருக்காது.

காகிதத்தைச் சணல் கயிற்றில் கவ்வி மாட்டினார் ஓவியர். அங்கே ஏற்கனவே காலையில் அடித்தவை மூன்று தொங்கிக்கொண்டிருந்தன. தகட்டில் மறுபடி மை பூச ஆரம்பித்தார். போர்வை உட்பட எல்லாம் கறுத்துப் போயிற்று. பையன் இன்னொரு முறை சக்கரம் சுற்றலாமா என்று கேட்டான். துடைத்து முடிக்கட்டும், அரைமணி நேரம் ஆகும் என்றார்.

பெரியவர் போகாமல் நின்றார். படம் என்ன விலை என்று கேட்கவில்லை. "இதைப் பின்பக்கம் தெரியுற மாதிரி சட்டம் போட முடியுமா?" என்று கேட்டார்.

இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டாமல் ஜன்னலில் தொங்கவிட்டால் முடியும் என்றார் ஓவியர். மை காய ஒரு வாரம் ஆகும். சட்டத்துக்கு மட்டும் 60 டாலர். பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு 20 டாலர் நோட்டை எடுத்து, மை படாத இடமாகப் பார்த்து மேஜையில் வைத்தார்.